நாலாம் இடத்துக் கம்பம்

எங்கள் ஆய்வகத்தில் அவரை "மோப்பம்" என்றுதான் சொல்வோம், அதுவும் முதுகுக்குப் பின்னால். நேரில் "சார்". தேநீர் வந்தால் கோப்பை முதலில் மூக்குக்குப் போகும், பிறகுதான் வாய்க்கு. அது மட்டுமென்றால் போகட்டும் என்று விடலாம். புதுச் சோப்பு, தபாலில் வந்த உறை, தானே கழற்றி மாட்டிய சட்டை, மழையில் யாராவது நீட்டிய குடை, எல்லாவற்றையும் ஒரு தடவை மோந்து பார்த்த பிறகே கையில் வைத்துக்கொள்வார். டிராயரைப் பூட்டிவிட்டு வாசல்வரை போவார். திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். தன் தண்ணீர் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பார், வேறு யாரும் குடித்தால் தெரிய வேண்டுமாம். ஒருநாள் வேண்டுமென்றே நான் அதில் கோட்டுக்கு மேலே தண்ணீரைக் கூட்டி வைத்தேன். அன்று முழுக்க மனிதருக்கு வேலை ஓடவில்லை.

நான் ஆய்வகத்தின் படகை ஓட்டுகிறவன். பதினோரு வருடம் அவரை ஏற்றி இறக்கியிருக்கிறேன். அந்தப் பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட அவர் என்னை முழுசாக நம்பியதில்லை. இதைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வரும். வரட்டும், கோபத்தோடேயே சொல்கிறேன்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், கடலுக்கு வயிறு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. கடலுக்கும் சாப்பாடு வேண்டும். செத்த பாசி, மீன் கழிவு, ஆறு அடித்துக்கொண்டு வரும் இலை தழை எல்லாம் அடியில் படிந்து மக்கி உரமாகும். அந்த உரத்தில் பாசி வளரும். பாசியைத் தின்று சிப்பியும் மீன் குஞ்சும் வளரும். அளவாக இருக்கும்வரை எல்லாருக்கும் நல்லது. கூடிப் போனால் அந்தக் குப்பை மக்கும்போது தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவை எல்லாம் இழுத்துக்கொள்ளும். அடிச்சேறு கறுத்து அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், மேலே மீன் மல்லாந்து மிதக்கும். அப்படி ஆகிவிடாமல் இருக்க எங்கள் விரிகுடாவில் நாலு இடம் குறித்து வைத்திருந்தோம். மாதம் ஒருமுறை அந்த நாலு இடத்திலும் பாட்டிலில் தண்ணீர் பிடிப்போம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவ்வி என்று நாங்கள் சொல்லும் இரும்பு வாயைக் கயிற்றில் இறக்கி அடிச்சேற்றை அள்ளுவோம். மோப்பம் அந்தச் சேற்றைக் காயவைத்து எடை போடுவார், உலையில் எரிப்பார், மறுபடி எடை போடுவார். எரிந்து காணாமல் போனது எவ்வளவோ, சேற்றில் அவ்வளவு குப்பை. நூற்றுக்கு எட்டைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்து வரம்பு.

எடை பார்க்கும் வேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. தராசையே சந்தேகப்படுவார். ஒரே கிண்ணத்தை மூன்று முறை வைத்துப் பார்ப்பார். அதனால் அவர் எழுதித் தந்த எண்ணை மேலதிகாரி மேடம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார். சந்தேகப் பிராணிக்கு இப்படி ஒரு பிழைப்பு அமைந்ததை நினைத்தால் எனக்கே பொறாமையாக இருக்கும்.

மோப்பம் பிடிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவருடைய தங்கைதான் எனக்குச் சொன்னாள். அவருக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு ஆறு. பக்கத்து வீட்டில் கொடுத்த சிப்பியை அம்மா வேகவைத்துத் தர, இரண்டு பேரும் தின்றார்கள். இவர் வாந்தி எடுத்துவிட்டுப் பிழைத்துக்கொண்டார். அவள் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நல்ல சிப்பி என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நல்ல மனிதர்கள்தான். அன்றிலிருந்து அவள் தட்டில் எது விழுந்தாலும் அண்ணன் முதலில் மோந்து பார்த்து, "ம், சாப்பிடு" என்ற பிறகுதான் அவள் கை வைக்கலாம். விஷம் ஏறிய சிப்பிக்குத் தனியாக நாற்றம் கிடையாது என்று எங்கள் ஆய்வகத்தில் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். இவருக்குத் தெரியாதா? தெரிந்தும் விடவில்லை. தங்கையின் கல்யாணப் பந்தியில் அவள் இலைக்குக் குனிந்து மோந்து பார்த்து, சம்பந்தி வீட்டார் எதிரில் அவள் மானத்தை வாங்கிவிட்டார். "இனிமே என் சாப்பாட்டை மோந்து பாக்காத. சத்தியம் பண்ணு," என்று அவள் அங்கேயே சொன்னாள். அவர் பண்ணினார். அதற்குப் பிறகு அவள் தட்டு பக்கம் மூக்கைக் கொண்டுபோனதில்லை.

விதியைப் பாருங்கள், அவள் வாழ்க்கைப்பட்டது சிப்பி வளர்க்கிறவருக்கு. விரிகுடாவின் மூலையில், அலை அதிகம் வராத இடத்தில், மூங்கில் மிதவை போட்டு அதிலிருந்து கயிறு தொங்கவிட்டு, கயிறு முழுக்கச் சிப்பி. அவற்றுக்குத் தீனி போட வேண்டியதில்லை. தண்ணீரை வடிகட்டித் தானே தின்றுகொள்ளும். புருஷனும் பெண்டாட்டியும் விடிந்தால் மிதவை, அடைந்தால் வீடு. வேறு வருமானம் இல்லை. எங்கள் நாலாம் இடம் அந்த மிதவைக்குச் சரியாக முப்பதடி தள்ளி.

இங்கேதான் ஆரம்பித்தது வினை. தங்கை வீட்டு மிதவை என்பதாலேயே மோப்பத்துக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சொந்தம் என்று கண்ணை மூடிக்கொண்டார் என்று யாராவது சொல்லிவிட்டால்? தன் மேல் முடித்துக்கொண்டு அடுத்து என் மேல் வந்தார்.

"டிரைவரே, நீங்க நாலாம் இடத்துக்கு முன்னாடியே எஞ்சினை நிறுத்திடறீங்க."

"அங்கதான் சார் நிறுத்தறேன்."

"எங்க மாப்பிள்ளையும் நீங்களும் சிரிச்சுப் பேசறதை நான் பாக்காம இல்ல."

தங்கை வீட்டுக்காரரோடு நான் சிரித்துப் பேசினால் சேறு மாறிவிடுமா? கேட்டேன். அவர் மேடத்துக்கு மனு எழுதினார். நாலாம் இடத்தில் மட்டும் ஒரு கம்பம் நட வேண்டும், படகை அதில் கட்டித்தான் மாதிரி எடுக்க வேண்டும் என்று. கம்பம் வந்தது. ஒற்றைக் கம்பத்தைப் பிடுங்கி நகர்த்திவிடலாம் என்று இவருக்கு அடுத்த சந்தேகம். இரண்டு கம்பம் நட்டு, நடுவே ஆறடிப் பலகை அடித்து, "மாதிரி எடுக்கும் இடம் 4" என்று எழுதினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு முறையும் அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் கவ்வி இறங்கும். ஒரு முழம் தள்ளினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் சண்டைதான்.

கம்பம் நட்ட மூன்றாம் மாதம் சேற்றில் குப்பை நாலு. ஆறாம் மாதம் ஆறு. ஒன்பதாம் மாதம் எட்டரை. பாட்டில் தண்ணீரிலும் உரச்சத்து ஏறிக்கொண்டே வந்தது. மற்ற மூன்று இடமும் வைத்தது வைத்தபடி இருந்தன. எட்டரை என்றதும் எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. பன்னிரண்டாம் மாதம் பத்து. அறுவடையை நிறுத்தச் சொல்லி உத்தரவு, மீன் சந்தையின் பலகையில் அறிவிப்பு, எல்லாவற்றிலும் கீழே மோப்பத்தின் கையெழுத்து. மூன்றாவது தடவையும் எட்டைத் தாண்டினால் அனுமதி ரத்து, மிதவையை அவிழ்த்துவிட வேண்டும்.

தங்கை அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அறுவடைக்கு வந்த சிப்பி கயிற்றிலேயே பெருத்தது. கனம் தாங்காமல் கொத்துக் கொத்தாகக் கழன்று அடியில் விழுந்தது. நான் படகில் போகும்போது அவள் மிதவை ஓரத்தில் உட்கார்ந்து கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்தால் கையசைப்பாள். அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் வருத்தத்தை அவர் சந்தேகமாக மாற்றிவிடுவார், அதுதான் அவர் கைவண்ணம். மாப்பிள்ளை மீன் சந்தைக் கழிவை வாங்கிவந்து தண்ணீரில் கொட்டுகிறார், சிப்பி சீக்கிரம் கொழுக்கட்டும் என்று. இதுதான் அவர் கட்டிய கதை. சாட்சி, சாயங்காலத்தில் மாப்பிள்ளை மிதவைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போனது. இன்னொரு சாட்சி, கம்பத்தில் வழிந்திருந்த வெள்ளைக் கோடு.

"பாத்தீங்களா? சுண்ணாம்பு. நாத்தம் தெரியக் கூடாதுன்னு சுண்ணாம்பு கரைச்சு ஊத்தறார்."

"சார், அது காக்கா எச்சம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்குப் பரிஞ்சு பேசறீங்க?"

போதுமடா சாமி என்று ஆகிவிட்டது எனக்கு. சாயங்காலம் கரைக்குத் திரும்பும்போதெல்லாம் அந்தப் பலகையில் நீர்க்காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் மாதிரி எடுக்கப் போவது காலை பத்து மணிக்கு. அப்போது அவை இரை தேடப் போயிருக்கும். அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் பார்த்தேன், ஆனால் எட்டரை, பத்து என்கிற எண்களை யாரும் என்னிடம் காட்டியதில்லை, நானும் கேட்கவில்லை. அவர் சந்தேகப்பட்டுப் பட்டு எனக்கு ரோஷம். எப்படியோ போங்கள் என்று இருந்துவிட்டேன். அந்தத் தங்கையின் சிப்பி கழன்று விழுந்ததில் என் ரோஷத்துக்கும் பங்கு உண்டு, இதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

அனுமதியைத் தீர்மானிக்கப் போகிற அடுத்த சேற்றை எடுப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் அவர் என் படகுக்கு வந்தார். தலையில் தொப்பி, கழுத்தில் ஆய்வகத்துத் தொலைநோக்கி, கையில் நோட்டு.

"இன்னிக்கு மாப்பிள்ளையைக் கையும் களவுமாப் பிடிக்கணும். படகை எடுங்க."

விரிகுடாவில் பாதி முழுகிய பழைய இரும்புத் தெப்பம் ஒன்று உண்டு. அதன் மறைவில் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். அங்கிருந்து நாலாம் இடமும் மிதவையும் நன்றாகத் தெரியும். நாலரை மணி இருக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் கொடுத்த தண்ணீரை அவர் மோந்து பார்த்துக் குடித்தார்.

ஐந்து மணிக்கு மாப்பிள்ளை சின்னப் படகில் வந்தார். மூட்டை இருந்தது. மோப்பம் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை மூட்டையைத் தூக்கி, மிதவையின் மூலையில் கயிற்றில் கட்டி, மெதுவாகத் தண்ணீரில் இறக்கினார். மிதவை நகராமல் இருக்க நங்கூரத்தோடு கட்டும் மணல் மூட்டை. இன்னொன்று கிழிந்து மணல் கொட்டியது; மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார்.

"மணல் சார்," என்றேன்.

"மேல மணல் போட்டு உள்ள வேற ஏதாவது வெச்சிருக்கலாம்."

அப்போதுதான் முதல் நீர்க்காகம் வந்தது. பலகையில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயப்போட்டது. அடுத்தது வந்தது. ஐந்தரைக்குள் பலகையில் ஒன்பது, கம்பத்து முனைகளில் இரண்டு. உட்கார்ந்த கையோடு வாலைத் தூக்கி வேலையை ஆரம்பித்துவிட்டன. தண்ணீரில் வெள்ளையாகச் சொத்துச் சொத்தென்று விழுந்தது. மோப்பம் தொலைநோக்கியை இறக்கினார், மறுபடி வைத்துப் பார்த்தார். நோட்டில் கோடு கோடாகப் போட ஆரம்பித்தார். நாற்பது நிமிடத்தில் நாற்பத்தோரு கோடு. பகலெல்லாம் கடல் முழுக்கத் திரிந்து தின்ற மீனை, ராத்திரி முழுக்க அந்த ஆறடிப் பலகைக்குக் கீழேயே இறக்குகின்றன. அலை இல்லாத மூலை. விழுந்தது விழுந்த இடத்திலேயே படியும். ஒரு வருடத்துக்கு மேலாக.

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் பழக்கம் விடுமா.

"இதுங்களை யார் பழக்கிவிட்டது?" என்றார்.

"நீங்கதான் சார்."

"என்ன?"

"இந்தப் பக்கம் தண்ணிக்கு மேல உசரமா உக்கார ஒரு குச்சி கிடையாது. பலகை கேட்டது நீங்க."

அவர் நோட்டை மூடினார். பிறகு, "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

"உக்காருதுன்னு தெரியும். அதனாலதான் இவ்வளவும்னு தெரியாது. எச்சம்னு ஒரு தடவை சொன்னேன். யாருக்குப் பரிஞ்சு பேசறீங்கன்னு கேட்டீங்க."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கேட்டேன்," என்றார். நான் எஞ்சினைப் போட்டதும் பதினொன்றும் பறந்துபோயின.

மறுநாள் காலை கம்பத்தடியில் எடுத்த சேறு தார் மாதிரி இருந்தது. அவர் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினார். பிறகு அவரே, "கம்பத்துல கட்டின கயித்தை அவிழ்த்துவிடுங்க, நகருங்க," என்றார். இருபதடிக்கு ஒன்றாக, மிதவையைச் சுற்றி ஏழு இடம், மிதவைக்கு நேர் கீழே ஒன்று. எல்லாம் சாம்பல் நிறம், கடல் வாசம். உலையில் எரித்து எடை போட்டால் கம்பத்தடி பதினொன்று. மற்றவை மூன்று, மூன்றரை, மிதவைக்குக் கீழே நாலு. கிண்ணத்தை மூன்று தடவைக்குப் பதில் ஆறு தடவை வைத்துப் பார்த்தார் என்று ஆய்வகத்தில் உலையைப் பார்த்துக்கொள்கிறவர் சொன்னார்.

மேடம் நல்ல மனுஷி. "பறவைகள் காரணம்னு எழுதுங்க, கம்பத்தை எடுத்துடலாம். யார் கேட்டு நட்டதுன்னு எழுத வேண்டாம். உங்க பேர் ஏன் கெடணும்?" என்றார்.

"ஏன் மேடம் எனக்கு உதவி பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறார் மனிதர். இரக்கத்தையும் மோந்து பார்க்கிற ஜன்மம். மேடம் சிரித்துவிட்டாராம். அறிக்கையின் கடைசி வரியில் மோப்பமே எழுதினார்: கம்பமும் பலகையும் என் கோரிக்கையின் பேரில் நடப்பட்டவை, முந்தைய இரண்டு முடிவுகளும் செல்லாது, தவறு என்னுடையது. தடையை நீக்கும் கடிதத்தைத் தபாலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு, "நீங்களும் வாங்க," என்று என்னைக் கூப்பிட்டார். தனியாகப் போக அவருக்குப் பயம்.

மாப்பிள்ளை வாசலில் சிக்கல் விழுந்த கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். "வாங்க மச்சான்," என்றார், எழுந்திருக்கவில்லை. தங்கை சமையலறையில் இருந்தாள். இவர் கடிதத்தை நீட்டினார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள்.

"கம்பம் நட்டது நான்," என்றார் அவர். "அதுல காக்கா உக்காந்துச்சு. பழியைத் தூக்கி உன் வீட்டுக்காரர் மேல போட்டதும் நான். வேற யாரும் இல்லம்மா."

அவள் கடிதத்தை அலமாரியில் டப்பாவுக்கு அடியில் வைத்தாள். மூலையில் ஒரு கூடை இருந்தது. கழன்று விழாமல் கயிற்றில் மிஞ்சியிருந்த சிப்பி, கயிற்றின் கனத்தைக் குறைக்க அன்று காலை எடுத்தது. கழுவிப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். சிப்பிகள் வாய் திறந்ததும் தட்டில் கொட்டி மேசையில் வைத்தாள். வாசம் வந்ததும் அவளுடைய ஐந்து வயது மகள் ஓடிவந்து தட்டில் கை வைத்தாள். தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, மோந்து பாரு."

தன்னைக் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சத்தியம் பண்ணியிருக்கேனே. அதான் எழுதியே குடுத்துட்டேன், நல்லா இருக்குன்னு."

"எழுதினது எனக்குப் போதாது." அவள் குரல் உடைந்தது. "மூணு மாசமா ஊரே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எங்க மிதவையைத் தாண்டிப் போச்சு. அதைப் பாத்துப் பாத்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. என் கையால வளத்ததை என் பிள்ளைக்கு எடுத்துக் குடுக்கக் கை வரலை. சத்தியமாவது ஒண்ணாவது. நீ பாத்துச் சொல்லு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு சிப்பியை எடுத்து மூக்கருகே வைத்தார். கண்ணில் நீர் வழிந்து மூக்கு அடைத்துக்கொண்டது. துடைத்துவிட்டு மறுபடி மோந்தார். தட்டில் இருந்த அத்தனையையும் ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்து ஒரு பக்கமாக அடுக்கினார். வாசலில் கயிறு பிரிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"நல்லா இருக்கு," என்றார். "சாப்பிடட்டும்."

சொல்லிவிட்டு ஒன்றைத் தானே தின்றார். அவள் பிள்ளையின் கையை விடவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இன்னொன்றை எடுத்தார்.